செஸ் மோசடி: பிடிபட்டவர்களும் பேசப்பட்டவர்களும்

2022 செப்டம்பர் 4 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் சின்க்ஃபீல்ட் கோப்பையின் மூன்றாம் சுற்று நடந்தது. வெள்ளைக் காய்களுடன் ஆடிய உலக சாம்பியன் மேக்னஸ் கார்ல்சன் தோற்றார். வென்றவர் 19 வயது அமெரிக்கர் ஹான்ஸ் நீமன். ரிச்சர்ட் ராப்போர்ட் வர முடியாததால் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்டவர் அவர். அங்கே ஆடியவர்களில் ரேட்டிங்கும் (வீரரின் வலிமையைக் காட்டும் புள்ளி) அவருக்குத்தான் குறைவு. ஓர் ஆட்டம் பல மணி நேரம் நீளும் கிளாசிக்கல் செஸ்ஸில் 53 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த கார்ல்சனின் ஓட்டம் அன்று நின்றது.

மறுநாள் கார்ல்சன் போட்டியிலிருந்தே விலகினார். காரணம் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, "நான் பேசினால் பெரிய சிக்கலில் மாட்டிக்கொள்வேன்" என்று கால்பந்துப் பயிற்சியாளர் ஜோசே மொரின்யோ சொல்லும் ஒரு பழைய வீடியோவைப் பகிர்ந்தார். யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. அன்றைய சுற்றில் நேரடி ஒளிபரப்பு 15 நிமிடம் தள்ளி வந்தது, வீரர்களைச் சோதிப்பதும் கடுமையானது. இவற்றைச் சேர்த்துப் பார்த்த ரசிகர்கள் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஆட்டத்தை விட்டுவிட்டு எல்லோரும் பேட்டியை ஆராயத் தொடங்கினார்கள். கார்ல்சன் அன்று ஆடிய அபூர்வமான தொடக்கத்தைத் தற்செயலாக அன்று காலையில்தான் பார்த்துவிட்டு வந்ததாக நீமன் சொல்லியிருந்தார். அடுத்த சுற்றில் அலிரேசா ஃபிரூஜாவுடன் ஆடிய ஆட்டத்தை விளக்கும்போது அவர் சொன்ன சில நகர்த்தல்களைக் கணினியில் போட்டுப் பார்த்தால் அவை தவறாக இருந்தன. அவர் கண் எங்கே போனது, ஏன் தயங்கினார், உச்சரிப்பு ஏன் திடீரென்று மாறுகிறது என்றெல்லாம் நொடி நொடியாக நிறுத்திப் பார்த்தார்கள். சில நாட்களில் ஓர் ஆபாசமான கிண்டல் கிளம்பி, செஸ்ஸே தெரியாதவர்கள் வரை உலகம் முழுக்கப் பரவியது. ஒரு 19 வயதுப் பையன் தன் வாழ்நாளின் மிகப் பெரிய வெற்றியைப் பெற்ற வாரம் இப்படிக் கழிந்தது.

செஸ் வீரர்கள் பேட்டிக்கு இவ்வளவு மதிப்புக் கொடுப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து, "இங்கே குதிரையை எடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்?" என்று பேசிப் பார்ப்பது இந்த விளையாட்டின் பழைய வழக்கம். எதிராளி எதைப் பார்த்தார், எதைத் தவறவிட்டார் என்பதை ஒரு கிராண்ட்மாஸ்டரால் அந்தப் பேச்சிலேயே ஓரளவு உணர முடியும். பலகையில் பிரமாதமாக ஆடிவிட்டு விளக்கும்போது தடுமாறினால் அவர்களுக்கு உறுத்துவது இயல்பு.

ஆனால் உறுத்தல் சாட்சியாகாது. நான்கைந்து மணி நேரம் மூளையைப் பிழிந்துவிட்டு வந்தவர் கேமரா முன்னால் குழப்பமாகப் பேசலாம். உள்ளுணர்வில் ஆடும் வீரர்கள் பலர், சரியான நகர்த்தலைச் செய்துவிட்டு அதற்குத் தவறான காரணம் சொல்வார்கள். 19 வயதில் உலக சாம்பியனை வீழ்த்திய மிதப்பில் வாய்க்கு வந்ததைச் சொல்வதும் நடக்கும். ஒருவரைச் சோதனை செய்யச் சொல்ல இந்த உறுத்தல் போதுமான காரணம். அதை வைத்தே தீர்ப்பு எழுத முடியாது. அந்த செப்டம்பரில் எழுதினார்கள்.

செப்டம்பர் 6 அன்று நீமன் தானே முன்வந்து பேசினார். 12 வயதிலும் 16 வயதிலும் இணையத்தில் கணினி உதவியுடன் ஆடியதாக ஒப்புக்கொண்டார். நேருக்கு நேர் ஆடிய எந்த ஆட்டத்திலும் ஏமாற்றியதில்லை என்றார். வேண்டுமானால் ஆடையின்றி ஆடவும் தயார் என்றார். செப்டம்பர் 19 அன்று ஓர் இணையப் போட்டியில் நீமனுக்கு எதிராக ஒரே ஒரு நகர்த்தல் செய்துவிட்டு கார்ல்சன் ஆட்டத்தைக் கைவிட்டார். ஒரு வாரம் கழித்து அவரிடமிருந்து அறிக்கை வந்தது. நீமன் ஒப்புக்கொண்டதைவிட அதிகமாகவும் அண்மையிலும் ஏமாற்றியிருப்பதாகத் தான் நம்புவதாக அதில் எழுதியிருந்தார். அவர் சொன்ன ஆதாரம், ஆட்டத்தின் முக்கியமான கட்டங்களில் நீமனிடம் பதற்றமோ முழுக் கவனமோ தெரியவில்லை என்பது.

அக்டோபர் 4 அன்று, இணையத்தில் செஸ் ஆடும் தளமான செஸ்.காம் 72 பக்க அறிக்கை வெளியிட்டது. பரிசுப்பணம் உள்ள போட்டிகள் உட்பட 100க்கும் மேற்பட்ட இணைய ஆட்டங்களில் நீமன் ஏமாற்றியிருக்க வாய்ப்பு அதிகம் என்றது. அதே அறிக்கை, கார்ல்சனுடனான ஆட்டத்தில் ஏமாற்றியதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றும் சொன்னது. முதல் பாதி தலைப்புச் செய்தியானது, இரண்டாவது பாதி யார் கண்ணிலும் படவில்லை.

நீமன் 10 கோடி டாலர் கேட்டு கார்ல்சன், செஸ்.காம், அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா உள்ளிட்டோர் மீது வழக்குப் போட்டார். 2023 ஜூனில் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆகஸ்டில் சமரசம் ஆனது. தன்னுடனான ஆட்டத்தில் நீமன் ஏமாற்றினார் என்பதற்குத் தீர்மானமான ஆதாரம் இல்லை என்ற அறிக்கையின் கூற்றை ஏற்பதாக கார்ல்சன் சொன்னார். இனி போட்டிகளில் நீமனுடன் மோத நேர்ந்தால் ஆடத் தயார் என்றார். 2023 டிசம்பரில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் ஒழுங்குக் குழு, சரியான காரணமின்றிப் போட்டியிலிருந்து விலகியதற்காக கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் விதித்தது. ஆதாரமற்ற குற்றச்சாட்டு என்ற பிரிவில் அவரைக் குற்றவாளி என்று சொல்லவில்லை.

இந்தக் கதையில் இரண்டு உண்மைகள் சேர்ந்தே நிற்கின்றன. நீமன் சிறுவயதில் இணையத்தில் ஏமாற்றியவர். பலகை முன்னால் உட்கார்ந்து அவர் ஏமாற்றியதாக இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை. ரசிகர்களில் ஒரு சாரார் முதல் உண்மையை மட்டும் பிடித்துக்கொண்டார்கள், இன்னொரு சாரார் இரண்டாவதை மட்டும். இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்துக்கொள்ளாமல் இந்த விவகாரத்தைப் பேசுவதில் பயனில்லை.

உண்மையில் பிடிபட்டது எப்படி

இதுவரை உறுதியாகப் பிடிபட்டவர்களைப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். யாரும் பேட்டியால் பிடிபடவில்லை.

2006ல் தில்லியில் நடந்த ஒரு போட்டியில் ஒரு வீரரின் தொப்பிக்குள் புளூடூத் கருவி தைக்கப்பட்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அகில இந்திய செஸ் கூட்டமைப்பு அவருக்கு 10 ஆண்டு தடை விதித்தது. 2015ல் துபாய் ஓபனில் ஜார்ஜியாவின் கிராண்ட்மாஸ்டர் காயோஸ் நிகலிட்ஸே ஆட்டத்துக்கு நடுவே மீண்டும் மீண்டும் ஒரே கழிவறைக்குப் போய்வந்தார். எதிராளி புகார் செய்ய, அங்கே காகிதத்தில் சுற்றி ஒளித்து வைத்த போன் கிடைத்தது. அவருடைய ஆட்டம் அதில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபரில் ஸ்பெயின் அணிகள் போட்டியில் கிரில் ஷெவ்செங்கோ விவகாரத்திலும் இதேதான்: கழிவறை, போன்.

இவற்றில் அதிகம் யோசிக்க வைப்பது இகோர்ஸ் ரவுசிஸின் கதை. பெரும்பாலான வீரர்களின் ரேட்டிங் சரியத் தொடங்கும் ஐம்பதுகளில் அவருடையது ஏறிக்கொண்டே போய், உலகின் முன்னணி வீரர்களின் அளவான 2700ஐ நெருங்கியது. சக வீரர்கள் முணுமுணுத்தார்கள், ஃபிடேயும் கவனித்துக்கொண்டிருந்தது. 2019 ஜூலையில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அவர் பயன்படுத்திய கழிவறையில் போன் கிடைத்தது. 58 வயதில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 6 ஆண்டு தடை விதித்தார்கள், கிராண்ட்மாஸ்டர் பட்டத்தையும் பறித்தார்கள். இங்கே புள்ளிவிவரம் திசையைக் காட்டியது. ஆனால் முடிவைக் கொடுத்தது கையில் கிடைத்த பொருள். சந்தேகம் செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான், இதைச் செய்தபோது அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது.

ஆடுபவரிடம் போனே இல்லாமல் ஏமாற்றிய ஒரு குழுவும் உண்டு. 2010ல் ரஷ்யாவின் காந்தி-மான்சிஸ்க் நகரில் நடந்த ஒலிம்பியாடில் பிரெஞ்சு வீரர் செபாஸ்டியன் ஃபெல்லர் தன் பலகையில் தங்கப் பதக்கம் வாங்கினார். பிரான்சில் ஒருவர் கணினி முன்னால் உட்கார்ந்து நேரடி ஒளிபரப்பைப் பார்த்தபடி சிறந்த நகர்த்தலைக் குறுஞ்செய்தியில் அனுப்புவார். அதைப் பெற்ற அணிப் பயிற்சியாளர் அர்னோ ஓஷார், அரங்கில் எந்த மேசைக்குப் பின்னால் போய் நிற்கிறார் என்பதுதான் ரகசியக் குறி. ஒவ்வொரு மேசைக்கும் பலகையின் ஒரு பகுதி பொருந்தும். ஃபெல்லர் தலைநிமிர்ந்து பயிற்சியாளரைப் பார்த்தால் போதும். பிரெஞ்சுக் கூட்டமைப்பின் நிர்வாகி ஒருவர் கண்ணில் தற்செயலாக ஒரு குறுஞ்செய்தி பட்டதால்தான் இது வெளியே வந்தது. நேரடி ஒளிபரப்பைப் பதினைந்து நிமிடம் தாமதமாகக் கொடுப்பது ஏன் பயனுள்ள வழி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. பத்து நிமிடம் முந்தைய நிலைக்குச் சொல்லப்படும் நகர்த்தலால் யாருக்கும் லாபமில்லை.

கணக்கு எங்கே உதவும், எங்கே உதவாது

இன்றைய போனில் ஓடும் ஸ்டாக்ஃபிஷ் போன்ற இன்ஜின்களை, அதாவது செஸ் ஆடும் மென்பொருள்களை, எந்த மனிதராலும் வெல்ல முடியாது. கார்ல்சனின் உச்சபட்ச ரேட்டிங் 2882. இன்ஜின்கள் அதைவிடப் பல நூறு புள்ளிகள் மேலே இருக்கின்றன. ஒவ்வொரு நகர்த்தலையும் இன்ஜினைப் பார்த்து ஆடும் கத்துக்குட்டியைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கிராண்ட்மாஸ்டர் ஓர் ஆட்டத்தில் ஒரே ஒரு முறை உதவி பெற்றால்தான் பிரச்சினை. இந்தத் தியாகம் சரிப்பட்டு வருமா வராதா என்ற ஆம்-இல்லை பதில் ஆட்டத்துக்கு ஒருமுறை கிடைத்தாலே 150 ரேட்டிங் புள்ளிகள் மதிப்புப் பெறும் என்று விஸ்வநாதன் ஆனந்த் மதிப்பிட்டிருக்கிறார். நகர்த்தலைச் சொல்லக்கூட வேண்டாம். "இங்கே கொஞ்சம் யோசி" என்று யாராவது ஒரு சைகை காட்டினால் போதும்.

அப்படி ஏமாற்றுபவரை ஓர் ஆட்டத்தின் கணக்கை வைத்துப் பிடிக்க முடியாது, பல ஆட்டங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் ரீகன் பல ஆண்டுகளாக இதற்கான முறையை உருவாக்கி வருகிறார். குறிப்பிட்ட ரேட்டிங் உள்ள ஒருவர் இன்னின்ன நிலைகளில் எத்தனை முறை சிறந்த நகர்த்தலைக் கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்க்கலாம், அதிலிருந்து இவர் எவ்வளவு விலகியிருக்கிறார் என்று அது பார்க்கிறது. நீமனின் இரண்டு ஆண்டு நேரடி ஆட்டங்களை ஆராய்ந்த ரீகன், ஏமாற்றியதற்கான அறிகுறி இல்லை என்றார். கார்ல்சன் தரப்பு ரசிகர்கள் அதை ஏற்கவில்லை. அவர்கள் செஸ்பேஸ் மென்பொருளின் ஒரு வசதியை எடுத்துக்கொண்டு, நீமன் சில ஆட்டங்களில் 100 சதவீதம் இன்ஜின்போல் ஆடியதாக வீடியோ போட்டார்கள். அந்த வசதி, உலகெங்கும் பயனாளர்கள் ஓடவிட்ட பல இன்ஜின்களில் ஏதாவது ஒன்றின் தேர்வோடு பொருந்தினாலும் பொருத்தம் என்றே கணக்கு வைக்கும். ஓர் ஆட்டத்தை எத்தனை பேர் எத்தனை இன்ஜினில் அலசுகிறார்களோ அந்த அளவுக்குச் சதவீதம் கூடும். நீமனின் ஆட்டங்களை அந்த மாதம் உலகமே அலசிக்கொண்டிருந்தது.

இன்னொரு கணக்கையும் இங்கே பார்த்துவிடலாம். 2023 நவம்பரில் முன்னாள் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், நகமுரா சில நிமிடங்களில் முடியும் இணைய பிளிட்ஸில் 46 ஆட்டங்களில் 45.5 புள்ளி எடுத்ததைச் சுட்டிக்காட்டிச் சந்தேகம் கிளப்பினார். கேட்டதும் நம்ப முடியாததாகத்தான் இருக்கும். ஆனால் தன்னைவிட மிகவும் பலவீனமானவர்களுடன் ஆடும்போது ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 90 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தொடர்ந்து 45 ஆட்டம் வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 115ல் ஒன்று. நகமுரா அந்தத் தளத்தில் பல்லாயிரம் ஆட்டங்கள் ஆடியவர். அத்தனை ஆட்டங்களில் இப்படியொரு தொடர் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஒரு பெரிய குவியலிலிருந்து மிக அபூர்வமான துண்டை மட்டும் பொறுக்கி எடுத்து, "பாருங்கள், எவ்வளவு அபூர்வம்" என்று காட்டுவது புள்ளிவிவரத்தில் முதலாம் ஆண்டு மாணவருக்கே சொல்லித்தரும் பிழை. செஸ்.காம் விசாரித்து, நகமுரா மீது தவறில்லை என்றது.

பகை இருந்த இடமெல்லாம் சந்தேகம்

இது கணினி கொண்டுவந்த நோய் மட்டும் இல்லை. 1972ல் ஐஸ்லாந்தின் ரெய்க்யாவிக்கில் அமெரிக்காவின் பாபி ஃபிஷரும் சோவியத்தின் போரிஸ் ஸ்பாஸ்கியும் உலகப் பட்டத்துக்கு மோதியபோது, ஃபிஷர் தரப்பு மின்னணு, ரசாயன வழிகளில் ஸ்பாஸ்கியைப் பாதிக்கிறது என்று சோவியத் குழு புகார் செய்தது. நாற்காலிகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். விளக்கைக் கழற்றினால் உள்ளே செத்த ஈ இரண்டு கிடந்தன. 1978ல் பிலிப்பைன்ஸின் பாகியோவில் நடந்த உலகப் பட்ட மோதலில், சாம்பியன் கார்ப்போவுக்கு ஆட்டத்தின் நடுவே கொடுக்கப்பட்ட தயிர்க் கோப்பையின் நிறத்தில் ரகசியக் குறி இருக்கலாம் என்று எதிராளி கோர்ச்னாய் தரப்பு எழுதிக்கொடுத்தது. 1997ல் ஐபிஎம்மின் டீப் ப்ளூ கணினியிடம் தோற்ற உலக சாம்பியன் காஸ்பரோவ், அதற்கு உள்ளேயிருந்து ஒரு மனிதர் உதவியிருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்.

சரியான குற்றச்சாட்டும் வரலாற்றில் உண்டு. 1962ல் குராசாவ் தீவில், உலக சாம்பியனுடன் மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் போட்டியில் சோவியத் வீரர்கள் பெட்ரோசியன், கெல்லர், கெரஸ் ஆகிய மூவரும் தங்களுக்குள் ஆடிய 12 ஆட்டங்களையும் டிரா செய்துகொண்டார்கள். ரஷ்யர்கள் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்று ஃபிஷர் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் பகிரங்கமாக எழுதினார். அது கோபத்தில் எழுதியதுதான், ஆனால் அவர் காட்டியது எவரும் சரிபார்க்கக்கூடிய ஆட்ட முடிவுகளை. ஃபிடே கேண்டிடேட்ஸை ஒருவருக்கொருவர் மோதும் முறைக்கு மாற்றியது. ஒரு நடைமுறையைக் குறிவைத்த புகார் இப்படி விதியை மாற்றும். ஒரு மனிதரைக் குறிவைத்த புகாரால் என்ன நடக்கும் என்பதை 2006ல் எலிஸ்டா காட்டியது.

ரஷ்யாவின் கல்மிக்கியா குடியரசின் தலைநகரான எலிஸ்டாவில் கிராம்னிக்கும் பல்கேரியாவின் வெசெலின் தோபலோவும் பிளவுபட்டுக் கிடந்த உலகப் பட்டத்தை ஒன்றாக்க மோதினார்கள். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது கிராம்னிக் 3-1 என்று முன்னிலை. அப்போது தோபலோவின் மேலாளர் சில்வியோ தனாய்லோவ், கிராம்னிக் அளவுக்கு மீறிக் கழிவறைக்குப் போகிறார், கேமரா இல்லாத ஒரே இடம் அதுதான் என்று புகார் கொடுத்தார். அமைப்பாளர்கள் இருவரின் தனிக் கழிவறைகளையும் பூட்டினார்கள். எதிர்ப்புத் தெரிவித்த கிராம்னிக் ஐந்தாவது ஆட்டத்துக்கு உட்காரவில்லை, அந்தப் புள்ளி தோபலோவுக்குப் போனது. கிராம்னிக்கின் நகர்த்தல்கள் ஃப்ரிட்ஸ் மென்பொருளோடு எத்தனை சதவீதம் பொருந்துகின்றன என்றும் தனாய்லோவ் ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. கிளாசிக்கல் ஆட்டங்கள் 6-6 என்று முடிய, சமநிலையை முறிக்கக் குறைந்த நேரத்தில் ஆடும் ரேபிட் ஆட்டங்களில் கிராம்னிக் வென்றார். அதன்பின் அவரும் தோபலோவும் கைகுலுக்குவதில்லை.

ஆதாரமற்ற சந்தேகம் ஒரு மனிதரை என்ன செய்யும் என்பது கிராம்னிக்குக்குத் தெரிந்த அளவுக்கு உலகில் வேறு யாருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதனால்தான் 2019ல் ஓய்வுபெற்ற பிறகு அவர் எடுத்த பாதை எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. இணையச் செஸ்ஸில் ஏமாற்று இருக்கிறது என்று அவர் சொல்வது உண்மை. தளங்களே ஆண்டுதோறும் ஏராளமான கணக்குகளை மூடுகின்றன, அவற்றில் பட்டம் பெற்ற வீரர்களின் கணக்குகளும் உண்டு. ஆனால் அவர் பெயர்களை வெளியிட்டார். "சுவாரசியமான" புள்ளிவிவரம் என்று போட்டுவிட்டு, குற்றச்சாட்டு எதுவும் சொல்லவில்லை என்பார். செக் குடியரசின் டேவிட் நவாரா, செஸ் உலகில் நேர்மைக்குப் பேர்போனவர். அவர் பெயரும் வந்தது. அதனால் பட்ட மனவேதனையை நவாரா பின்னர் வெளிப்படையாக எழுதினார்.

அமெரிக்காவின் டேனியல் நரோடிட்ஸ்கி மீது கிராம்னிக் 2024 அக்டோபரில் சந்தேகம் கிளப்பத் தொடங்கினார். 2007ல் 12 வயதுக்குட்பட்டோருக்கான உலக சாம்பியன், வேக ஆட்டத்தில் உலகின் சிறந்த வீரர்களில் ஒருவர், ஆயிரக்கணக்கானோருக்கு இணையத்தில் எளிமையாகச் செஸ் சொல்லிக்கொடுத்த ஆசிரியர். அவர் மறுத்தார், விளக்கினார். சந்தேகம் ஓயவில்லை. 2025 அக்டோபரில் தன் கடைசி நேரலையில், கிராம்னிக் விவகாரத்துக்குப் பிறகு நான் நன்றாக ஆடினாலே எல்லோரும் தப்பாகத்தான் நினைக்கிறார்கள் என்ற பொருளில் பேசினார். அக்டோபர் 19 அன்று வட கரோலினாவின் சார்லட் நகரில் அவர் இறந்தார். வயது 29.

நரோடிட்ஸ்கி நேரலையில் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தில் இந்தப் பிரச்சினையின் வேரே இருக்கிறது. செஸ் வீரர்கள் ஒருவரையொருவர் சீண்டுவது புதிதல்ல. 2025 ஜூலையில் ஜாக்ரெப்பில், பலவீனமான வீரர்களில் ஒருவருடன் ஆடுவதுபோல் குகேஷுடன் ஆடப்போவதாக கார்ல்சன் பேட்டி கொடுத்தார். குகேஷ் பதில் பேசவில்லை, அந்த ரேபிட் ஆட்டத்தில் கார்ல்சனை வென்றார். கதை முடிந்தது. 'நீ பலவீனமானவன்' என்ற பேச்சுக்குப் பலகையில் பதில் சொல்ல முடியும். 'நீ ஏமாற்றுகிறாய்' என்ற பேச்சுக்கு முடியாது. வென்றால் அதுவே சாட்சியாகிவிடும், தோற்றால் பயந்துவிட்டான் என்பார்கள். எந்தப் பக்கமும் வழி இல்லாத இடத்தில் ஒருவரை நிறுத்திவைக்கிறது அது.

குகேஷும் இதிலிருந்து தப்பவில்லை. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலகப் பட்ட மோதலில், 14வது ஆட்டத்தின் 55வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் சீனாவின் டிங் லிரன் யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். சென்னைப் பையன் 18 வயதில் உலக சாம்பியன் ஆனார். சில மணி நேரத்தில் ரஷ்யச் செஸ் கூட்டமைப்பின் தலைவர் ஆந்த்ரேய் ஃபிலாதோவ், டிங் வேண்டுமென்றே தோற்றதாகச் சந்தேகம் கிளப்பி விசாரணை கேட்டார். ஃபிடே தலைவர் ஆர்கடி துவோர்கோவிச் அதை நிராகரித்தார். ஏறக்குறைய மூன்று வாரம் நீண்ட மோதலின் கடைசி நாளில், களைத்துப்போன ஒருவர் செய்த பிழை அது. உலகச் சாம்பியன் மோதல்களில் இதற்கு முன்பும் இதைவிட மோசமான பிழைகள் நடந்திருக்கின்றன.

சந்தேகம் குற்றம் சாட்டப்படுபவரை மட்டும் அரிப்பதில்லை. 2023 அக்டோபரில் கத்தார் மாஸ்டர்ஸில் கசகஸ்தானின் அலிஷெர் சுலைமெனோவிடம் கார்ல்சன் தோற்றார். எதிராளி கையில் கடிகாரம் கட்டியிருந்ததைப் பார்த்ததும் தன் கவனமே போய்விட்டது என்று எழுதினார். அவரைக் குற்றம் சாட்டவில்லை என்பதையும் தெளிவாகச் சொன்னார். அது ஒரு சாதாரண முள் கடிகாரம். உலகின் தலைசிறந்த வீரரின் மனதிலேயே சந்தேகம் இந்த அளவுக்குக் குடியேறிவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகள் போதாது என்ற அவருடைய புகாரில் நியாயம் இருந்தது. கடிகாரத்தை வாசலிலேயே வாங்கி வைத்திருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது.

இந்த விஷயத்தில் நடந்துகொள்ளும் முறைக்கு ஆனந்தைச் சொல்வேன். 2021 ஜூனில் கோவிட் நிவாரண நிதிக்காக அவர் பிரபலங்களுடன் இணையத்தில் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். மறுநாளே, மற்றவர்களும் கணினியும் உதவியதாக காமத் ஒப்புக்கொண்டார். நான் பலகையில் இருந்த நிலையை ஆடினேன், மற்றவர்களிடமும் அதையேதான் எதிர்பார்த்தேன் என்று ஆனந்த் ஒரு வரி எழுதினார். அதற்கு மேல் அதை வளர்க்க விரும்பவில்லை. அது பரிசுப்பணம் இல்லாத ஆட்டம், குற்றமும் ஒப்புக்கொள்ளப்பட்டது. அதனால் இதைப் பெரிய போட்டிகளுக்கு அப்படியே பொருத்த முடியாது என்பது தெரியும். ஆனாலும் ஒருவரைச் சிதைக்காமல் நேர்மையை வலியுறுத்த முடியும் என்பதை அந்த ஒரு வரி காட்டியது.

பெரிய போட்டிகளில் செய்ய வேண்டியவை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். ஒளிபரப்பைத் தாமதிப்பது, உலோகக் கருவிச் சோதனை, ஆட்ட நேரத்தில் கழிவறைகளைக் கண்காணிப்பது, கடிகாரத்துக்குத் தடை, சந்தேகம் வந்தால் நடுவரிடம் ரகசியமாக எழுத்தில் புகார் கொடுப்பது. கடைசியில் சொன்னதுதான் சரியாக நடப்பதில்லை. ரகசியமாகப் புகார் கொடுத்தால் மாதக்கணக்கில் பதில் வராது என்று வீரர்கள் நினைக்கிறார்கள். சின்க்ஃபீல்ட் விவகாரத்தில் ஃபிடே தீர்ப்புச் சொல்ல ஓர் ஆண்டுக்கு மேல் ஆனது. அந்த இடைவெளியைத்தான் பேட்டிகளும் பதிவுகளும் நிரப்புகின்றன. கார்ல்சனின் மீது நான் வைக்கும் குறை அவர் சந்தேகப்பட்டார் என்பதல்ல. சொல்லாமல் சொன்னார் என்பதுதான். அவர் நிலையில் இருப்பவர் ஒரு வீடியோவைப் பகிர்ந்தாலே தீர்ப்பாகிவிடும்.

ஃபிடேயின் விதிகளில், அடிப்படையே இல்லாமல் ஒருவர் மீது மோசடிக் குற்றம் சாட்டுவதும் ஒரு குற்றம்தான். 2025 நவம்பரில் ஃபிடே நிர்வாகமே கிராம்னிக் மீது தன் ஒழுங்குக் குழுவிடம் முறைப்படி புகார் கொடுத்தது. நரோடிட்ஸ்கி, நவாரா இருவர் தொடர்பாகவும் இரண்டு ஆண்டுகளாக அவர் பேசியதும் எழுதியதும் அதில் அடங்கும். தான் தவறு செய்யவில்லை என்று கிராம்னிக் சொன்னார். குற்றம் என்று சொல்லாமல் புள்ளிவிவரத்தை மட்டும் போட்டால் அது குற்றச்சாட்டாகுமா, கேள்வி மட்டும்தான் கேட்டேன் என்பது தப்பிக்கும் வழியாகுமா என்ற இரண்டு கேள்விகளும் அந்தக் குழுவின் முன் வந்தன. கார்ல்சன் வழக்கில் குழு இவற்றைத் தொட்டும் தொடாமலும் போனது.